பாலத்து முனையில் நின்ற கழுதை வண்டி

வீட்டைவிட்டு ஓடிப்போனாராம்! நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்றாலும் இப்படியுமா புரளும்? ஓடிப்போகிற மனிதர் சாப்பாட்டு டப்பாவின் மூடி இறுகியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டா ஓடுவார்? ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, சட்டைக் காலரின் மடிப்புக் கலையாமல் விரலால் நீவிவிட்டுக்கொண்டு ஓடிப்போன ஆளை யாராவது பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் வந்து சொல்லட்டும்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் முதலில் கிளப்பிவிட்டாள். மாடி வீட்டு டிரைவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் சண்டையாம். மருமகள் கம்ப்யூட்டரில் என்னத்தையோ காட்டி மாமனார் புத்தியை மாற்றிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஓர் ஆள் மாடிக்கு வந்து விசிலடித்துக் கூப்பிட்டானாம். திங்கட்கிழமை காலையில் டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். "கழுதை மேய்ச்சு மேய்ச்சு, கடைசியில அதே மாதிரி கயித்த அறுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பு வேறு. தையல் மிஷினாவது நூல் தீர்ந்தால் நிற்கும். அவள் வாய்க்கு அந்த வசதி இல்லை.

விசில் ஊதியது நிஜம். கழுதையும் நிஜம்தான், ஒரு வகையில். மற்றதெல்லாம் அவள் போட்ட ஒட்டு. முழுத் துணியையும் விரித்துக் காட்டினால்தான் எது துணி, எது ஒட்டு என்று தெரியும்.

டிரைவர் என்றால் டவுன் பஸ் டிரைவர். மீசை கறுப்பாக இருந்த நாளிலிருந்து அது வெளுத்த நாள்வரை ஒரே தடத்தில் ஓட்டினார். கண்டக்டரும் ஒரே ஆள். பஸ் ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. யார் ஏறினார்கள், யார் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறார்கள் என்பதெல்லாம் கண்டக்டருக்குத்தான் தெரியும். அதனால் அங்கே ஒரு சட்டம். ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும். இரட்டை விசில் ஊதினால் கிளம்ப வேண்டும். ஊதாமல் கிளம்பினால் அது டிரைவருக்குக் கௌரவம் இல்லை. இந்தப் பழக்கம் அவருக்கு எலும்புவரை ஊறிப்போய், கடைத்தெருவுக்குக் கிளம்பி வாசலில் நின்றால்கூட சம்சாரம் "ம், போலாம்" என்று சொன்னால்தான் காலை எடுத்து வைப்பார். பூட்டினோமா, ஜன்னலைச் சாத்தினோமா என்று அவள் யோசித்துக்கொண்டே நின்றுவிட்டால் அவரும் தூண் மாதிரி நிற்பார். ஒரு முறை அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சில் ஆழ்ந்துவிட, மழை வந்து அவர் நனைந்ததே உண்டு.

அப்படிப்பட்ட மனிதரின் பஸ், மழைக்கால முற்பகல் ஒன்றில், ஆற்றுப் பாலத்தின் மேல் சறுக்கியது. முன்னால் போன லாரி திடீரென்று திரும்பிவிட்டது. இவர் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிரேக்கை அழுத்தினார். பஸ் குறுக்கே போய், கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. ஒரு முன்சக்கரம் அந்தரத்தில். கண்டக்டர் நீளமாக ஒரு விசில் ஊதினான். "யாரும் அசையாதீங்க" என்றான். பிறகு பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக, கைக்குழந்தையையும் காய்கறிக் கூடையையும் வாங்கி வாங்கிக் கீழே வைத்து, எல்லாரையும் இறக்கினான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. டிரைவர் மட்டும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. கிரேன் வந்து வண்டியைப் பின்னால் இழுத்த பிறகு, நாலு பேர் சேர்ந்துதான் அவர் காலைப் பிரேக்கிலிருந்து பிரித்தார்கள்.

எல்லாரும் பாராட்டினார்கள். அதனால் என்ன, கால் கேட்க வேண்டுமே! அதற்குப் பிறகு டிப்போவுக்குப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடியது. லீவு கொடுத்தார்கள். வீட்டோடு உட்கார்ந்தார். தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால் சோற்றில் கை வைத்திருக்கும்போதே வலது கால் தரையை அழுத்தும். அவர் சம்சாரம் அதைப் பார்ப்பாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவள் பேக்கரியில் ரொட்டி வெட்டிப் பொட்டலம் கட்டுகிறவள். விடியும் முன் போய் மத்தியானம் திரும்புவாள். மகன் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி தண்ணீரில். மருமகள் வீட்டிலிருந்தபடியே, வாங்கிய சாமான் சரியில்லை என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவள் ஆயிற்றே, வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில், பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றில், வேறொரு உலகத்துக்குப் போய்விடுவாள். அங்கே அவள் காயம் ஆற்றும் வைத்தியச்சி. உலகத்தில் பல மூலைகளிலிருந்து ஆட்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அங்கே வருவார்கள். சிலர் வாள் பிடிப்பார்கள், சிலர் மந்திரம் போடுவார்கள், சிலர் பூதமாகத் திரிவார்கள்.

மாமனார் ஜன்னலோரத்தில் கல்லாகச் சமைந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள்தான் ஒரு நாள் கூப்பிட்டாள்.

"மாமா, ஒரு வண்டி சும்மா நிக்குது. ஓட்டுறீங்களா?"

"நான் இனிமே எந்த வண்டியையும் தொடமாட்டேம்மா."

"பிரேக்கே இல்லாத வண்டி மாமா."

"பிரேக் இல்லாம எப்படி நிக்கும்?"

"கழுதை நின்னா நிக்கும்."

பல மாதங்களுக்குப் பிறகு டிரைவர் முகத்தில் பல் தெரிந்தது அன்றுதான்.

அவை கோவேறு கழுதைகள், ஒரு ஜோடி. பின்னால் நீள வண்டி, இரண்டு பக்கமும் பெஞ்சு. மற்றவர்கள் அங்கே புதையலும் புகழும் தேடினார்கள். இவர் ஆள் ஏற்றினார். சந்தை, கோட்டை, சுரங்கம், ஆற்றங்கரை என்று தனக்குத்தானே ஒரு தடம் போட்டுக்கொண்டார். நிறுத்தத்தில் ஆள் இருந்தாலும் நிற்பார், ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்பார். நின்றவர் சும்மா கிளம்புவாரா? விசில் வேண்டுமே! முதல் நாளே வம்பு வந்தது. கொள்ளைக்காரக் கூட்டம் ஒன்று சுற்றி வளைத்து அம்பு விட, வண்டியில் இருந்தவர்கள் அலற, இவர் மவுஸைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, போங்க! போங்க மாமா!"

"யாரும்மா ரைட் குடுத்தது?"

அடுப்படியிலிருந்த சம்சாரத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை. கையிலிருந்த கரண்டியால் பாத்திரத்தில் டண் டண் என்று இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்! போய்த் தொலைங்க!" என்றாள். கழுதைகள் பறந்தன.

அன்றிலிருந்து அவள்தான் கண்டக்டர். மத்தியானத்துக்கு மேல் வெங்காயம் உரித்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலே டண் டண் கொடுப்பாள். "கழுதை கெட்டா குட்டிச்சுவரும்பாங்க, இந்த மனுஷன் கெட்டா கம்ப்யூட்டர்" என்று முணுமுணுப்பதும் நடக்கும், டண் டண்ணும் நடக்கும். மைக்கில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பாஷை தெரியாத ஆட்களெல்லாம் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவரவர் எழுத்தில் 'டண் டண்' என்று அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தடத்தில் ஓர் ஆறு உண்டு. அதைப் பற்றி டிரைவருக்குக் கவலை இல்லை. வண்டியோடு ஏற்றிக் கடத்துகிற பெரிய படகு இருந்தது. படகுக்காரன் பாடு அது. இவர் கழுதையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி நிற்பார், அவ்வளவே.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் டிப்போ மேனேஜர் போன் செய்தார். நல்ல மனுஷர்தான். "ஞாயித்துக்கிழமையோட லீவு முடியுது. திங்கட்கிழமை வந்து வண்டியை எடுங்க. முடியலைன்னா தப்பில்லை, தொலைஞ்ச சாமான் அறையில ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன், ரிட்டயர் ஆகுற வரைக்கும் நிம்மதியா உக்காருங்க" என்றார். பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப்போகும் குடையும் பையும் குவிந்து கிடக்கிற அறை அது. டிரைவர் போனை வைத்தார். பிறகு, "குடைக்குக் காவல்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சம்சாரத்துக்கு அந்த இரண்டு வார்த்தை போதும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் விளையாட்டில் பெரிய அப்டேட் வந்தது.

அப்டேட் என்றால் வேறொன்றும் இல்லை. குடியிருப்பவர்களை வெளியே நிற்க வைத்துவிட்டு, வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சுவரை நகர்த்தி, ஜன்னலை மாற்றி, அடுப்படியைத் தூக்கி மாடியில் வைத்துவிட்டு, "வாங்க, நல்லா இருக்கா?" என்று கேட்பது. காலையிலிருந்து திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. மருமகள் லீவு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்சாரம் பேக்கரியிலிருந்து திரும்பிக் கை கழுவும் நேரத்துக்குக் கோடு மறுகரை சேர்ந்தது. கதவு திறந்தது.

அடேயப்பா! உள்ளே ஒரே ஆர்ப்பாட்டம். எல்லாருக்கும் நிழல் முளைத்திருந்தது. மழை பெய்தால் துணி நனைந்தது. பையைத் திறக்கும் பொத்தானை வலமிருந்து இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், அதற்கு ஒரு கூட்டம் ஒப்பாரி வைத்தது. உப்பு டப்பாவை மாற்றி வைத்த மருமகளை மாமியார் திட்டுகிற மாதிரி, பூதங்களெல்லாம் விளையாட்டை நடத்துகிறவர்களைத் திட்டித் தீர்த்தன. இன்னொரு மாற்றமும் இருந்தது. அதுவரை ஒருவர் உடம்புக்குள் ஒருவர் புகுந்து போகலாம், காற்று மாதிரி. இனிமேல் இடித்தால் இடித்ததுதான். ஆள் நின்றால் வழி அடைபடும்.

"மாமா, நம்ம குழுவுல எல்லாரும் பார்த்தவுடனே என்ன தோணுச்சுன்னு எழுதுறாங்க. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள் மருமகள்.

டிரைவர் சந்தையிலிருந்து கோட்டை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ரோடு பரவாயில்லை. ஆனா வளைவுல சரிவைத் தப்பாப் போட்டிருக்கான், மழை பெய்ஞ்சா வண்டியை வெளிய இழுக்கும். ஸ்டாப்புல நிழல் இல்லை. வழிகாட்டிப் பலகையில எழுத்து அழகா இருக்கு, படிக்கத்தான் முடியலை. கழுதைக்குக் கண்ணிமை வச்சிருக்கான் பாரு, அது ரொம்ப ஜோர்."

"மொத்தத்துல?"

"மொத்தத்துல, பழகின ஆளு தடுமாறுவான், புது ஆளு சந்தோஷப்படுவான். எந்த ஊர்ல ரோடு போட்டாலும் அதுதானே?"

பேசிக்கொண்டே ஆற்றங்கரைக்கு வந்தார். வண்டி நிறைய ஆள். கரையில் படகைக் காணோம்.

"படகு எங்கம்மா?"

மருமகள் உற்சாகத்தில் கவனிக்காமல் சொல்லிவிட்டாள். "எடுத்துட்டாங்க மாமா! இதான் இந்த அப்டேட்லயே பெரிசு. பாலம்! அந்தப் பக்கம் புது நாடே திறந்திருக்கு!" சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அந்த அக்கரை நிஜமாகவே பச்சைப்பசேலென்று இருந்தது. இடையில் கல் பாலம், ஒரு வண்டி போகிற அகலம். கைப்பிடிச் சுவரும் இருந்தது. அந்த நேரம் பார்த்து மழையும் தூறியது. கழுதைகள் பாலத்து முனையில் நின்றன.

சம்சாரம் அடுப்படியிலிருந்து டண் டண் கொடுத்தாள். வண்டி நகரவில்லை. காது கேட்கவில்லையோ என்று பலமாகக் கொடுத்தாள். கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். மவுஸின் மேல் கை இருந்தது. மேஜைக்கு அடியில் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு குதிரைக்காரன். அப்புறம் ஈட்டிப் படை. அப்புறம் தீக்கக்கும் மிருகத்தின் மேல் உட்கார்ந்து ஒரு ராணி. புது நாட்டுக்கு இந்தப் பாலம் ஒன்றுதான் வழி. இடித்தால் இடிக்கும் என்ற புதுச் சட்டத்தில் யாரும் யாரையும் தாண்டவும் முடியாது. சாயங்காலத்துக்குள் வரிசை கோட்டைவரைக்கும் போய்விட்டது. அந்த உலகம் பிறந்ததிலிருந்து அப்படியொரு போக்குவரத்து நெரிசல் கண்டதில்லை. யாரோ பாட்டுப் பாடினார்கள். யாரோ அடுப்பு மூட்டிக் கடை போட்டுவிட்டார்கள். எல்லாரும் 'டண் டண், டண் டண்' என்று திரை நிறைய அடித்தார்கள். விளையாட்டு நடத்துகிறவர்களின் காவலாள் ஒருவன் பளபளவென்று கவசம் போட்டுக்கொண்டு வந்து, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று மரியாதையாகக் கேட்டான். மருமகள் "கழுதைக்குக் கால் சுளுக்கு" என்று அடித்தாள். காவலாளுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, ஞாயிறு சாயங்காலம்வரை பார்க்கிறோம், அதற்குமேல் வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"தூக்கிடுவாங்களா?" என்றார் டிரைவர்.

"ஆமா மாமா. விட்டுடலாமா? கம்ப்யூட்டரை நிறுத்திட்டா வண்டி தானா மறைஞ்சிடும்."

"வேண்டாம். அன்னிக்கும் கிரேன்தான் தூக்குச்சு" என்றார் அவர்.

மருமகள் எழுந்து போனாள். சம்சாரம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ரைட் குடுத்தேனே, ஏன் எடுக்கலை?"

"அது உன் ரைட்டு."

"ஏன், என் ரைட்டுக்கு என்ன குறைச்சல்? இத்தனை நாள் இந்த ரைட்டுலதானே உங்க கழுதை ஓடுச்சு?"

"கோவிச்சுக்காதே. பாலத்துல வண்டியை நிறுத்துனது அவன். ஒத்தை விசில் ஊதி நிறுத்தினான். அதுக்கப்புறம் ரெட்டை விசில் ஊதவே இல்லையே." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "நிறுத்தினவன் குடுக்காம எப்படி எடுக்கிறது?"

அவளுக்கு முதலில் சுள்ளென்று வந்தது. பஸ்ஸை இழுத்துச் சரிபண்ணி வேறொருவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான், இந்த மனுஷன் இன்னும் அந்த விசிலுக்குள்ளேயே நிற்கிறாரே என்று. திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அவரோடு குடித்தனம் செய்தவளுக்குத் தெரியும். கடைத்தெருவுக்குப் போக வாசலில் நின்று மழையில் நனைந்த ஆள் அவர். நின்றால் நின்றதுதான்.

அந்தக் கண்டக்டர் விபத்துக்குப் பிறகு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தினமும் பேக்கரிக்கு வருவான். அவள் நிற்கிற பக்கம் வராமல், தூண் மறைவில் நின்று, கடைப்பையனிடம் பன் வாங்கிக்கொண்டு நழுவுவான். அவளும் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவாள்; நன்றி கெட்டவன் என்று நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடியும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் அவன் தலை தெரிந்ததும், ரொட்டிக் கத்தியைக் கீழே வைக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடியே போய் நின்றாள். வரிசை விலகி வழிவிட்டது.

"என்ன தம்பி, தூண் எடுப்பா இருக்கா?"

"அண்ணி... கத்தி..."

"கத்தி கிடக்கட்டும். உங்க அண்ணன் செத்தாரா பிழைச்சாரான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அவன் கண் கலங்கிவிட்டது. "எந்த முகத்தோட அண்ணி வருவேன்? அண்ணன் அங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டு முன்னால உக்காந்திருக்காரு. நான் பின்வாசல்ல இறங்கி ரோட்டுல நிக்கிறேன். 'விட்டுட்டு இறங்கிட்டியேடா'ன்னு ஒரு வார்த்தை கேட்டார்னா நான் என்ன சொல்வேன்?"

"அட அறிவுகெட்டவனே! ஜனங்களை இறக்கணும்னா நீ இறங்காம யார் இறங்குறது? அவரு அதை நினைக்கவே இல்லை. விசில் இருக்கா?"

"விசிலா?"

"ஊதுற விசில்!"

சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். இல்லாமல் போகுமா? டூட்டி இல்லாத நாளிலும் அது பையில் இருக்கிற ஜாதி அவன்.

"நட" என்றாள்.

மத்தியானம் அவனைப் படியேற்றிக் கூட்டிக்கொண்டு வந்ததைத்தான் தையல்காரம்மா பார்த்தாள். "யாருக்கா அது?" என்று கேட்டாள். கையில் ரொட்டிப் பையோடு இவள் "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். சொல்லாமல் விட்ட இடத்தில் புல் முளைக்கும்; தையல்காரம்மா வீட்டு வாசலில் காடே முளைத்தது.

உள்ளே டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் கதவோரத்திலேயே நின்றான்.  மருமகள் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். கண்டக்டர் அதில் உட்காராமல், நேராக டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய், பஸ்ஸில் எப்போதும் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, திரையை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, இதென்ன கழுதை?"

"கோவேறு கழுதை. மரியாதையாப் பேசு, காது கேக்கும்."

"எல்லாரும் டிக்கெட் வாங்கியாச்சா?"

"இந்த ஊர்ல டிக்கெட் கிடையாது."

"டிக்கெட் இல்லாமலா இவ்வளவு கூட்டத்தை ஏத்தியிருக்கீங்க? அந்தத் தாடிக்காரரு நீளமா ஒரு கம்பு வச்சிருக்காரே, அதுக்கு லக்கேஜ் போடணும் அண்ணே."

"அது மந்திரக்கோலு."

"மந்திரக்கோலா இருந்தா என்ன, பக்கத்து ஆளு கண்ணுல குத்தாதா? படியில ஒரு பூதம் தொங்குது பாருங்க. ஏய் தம்பி, உள்ள வா! உள்ள எடம் இருக்குல்ல!"

மைக்கில் கேட்டுப் பூதம் திடுக்கிட்டு நகர்ந்து உட்கார்ந்தது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரைவரின் தோள் குலுங்கிற்று. சிரிப்பா வேறெதுவுமா என்று பின்னாலிருந்து பார்த்த சம்சாரத்துக்குத் தெரியவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நான் இறங்கி..."

"நீ இறக்கலைன்னா யாருடா இறக்குறது? டூட்டியைப் பாரு."

கண்டக்டர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். படிக்கட்டு, பெஞ்சு, கடைசி வரிசை என்று எல்லாவற்றையும் ஒரு தரம் நிதானமாகப் பார்த்தான். விசிலை வாயில் வைத்தான். இரட்டை விசில்! அந்தச் சின்ன அறையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ்வீட்டில் தையல் மிஷின் நின்றது.

"ரைட்!"

டிரைவரின் வலது கால் தரையை விட்டு எழுந்தது. கொஞ்சம் ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று அவர் கையை நகர்த்தினார். கழுதைகள் பாலத்தில் ஏறின. மழை தூறிக்கொண்டேயிருந்தது. பாலத்து நடுவில் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். பின்னால் அந்த உலகமே ஊர்வலமாக வந்தது, குதிரையும் ஈட்டியும் ராணியுமாக. அக்கரை மண்ணில் சக்கரம் பட்டதும் கண்டக்டர் ஒற்றை விசில் ஊதினான். "ஸ்டாப்பு! இறங்குறவங்க எல்லாம் இறங்குங்க. பார்த்து, பார்த்து, பூதம் தம்பி, தலையைக் குனி!"

இறங்கிய ஆட்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. கவசம் போட்ட காவலாள்கூட ஓரமாக நின்று குதித்தான். அப்டேட்டைப் பற்றி மறுபடியும் கேட்டாள் மருமகள்.

"பாலம் கெட்டியாத்தான் கட்டியிருக்கான். ஆனா மழைத்தண்ணி வடிய ஓட்டை வைக்கலை. அதை எழுது" என்றார் டிரைவர்.

இவ்வளவுதான் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இதில் சண்டை எங்கே இருக்கிறது, புத்தி பேதலிப்பு எங்கே இருக்கிறது?

திங்கட்கிழமை விடிந்தது. சம்சாரம் பேக்கரிக்குப் போகவில்லை. குடையா, ஸ்டியரிங்கா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் குளித்துவிட்டு வந்தபோது நாற்காலியின் மேல் காக்கிச் சட்டை இஸ்திரி போட்டு இருந்தது. டப்பாவில் சாப்பாடும் இருந்தது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். ஷூவுக்குக் கயிறு கட்டினார். வாசலில் போய் நின்றார்.

அவளுக்கு அந்த நிற்பு தெரியுமே! பழக்கமாகிவிட்டது. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கதவில் இரண்டு தட்டுத் தட்டக் கையை ஓங்கினாள். ஆனால் அவர் படிக்கட்டில் பாதி தூரம் இறங்கிவிட்டிருந்தார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு அதே கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்து மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு கத்தினாள். "மாமா! கழுதைக்குத் தண்ணி காட்டலையே!"

"நீ காட்டும்மா! எனக்கு டூட்டி இருக்கு!"

கீழே தையல்காரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "என்னண்ணே, பையும் கையுமா எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் நின்றிருந்த கண்டக்டரைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்.

உண்மையைத்தான் சொன்னார். அதை வைத்து அவள் எதைத் தைத்துக்கொண்டாளோ, அது அவள் பாடு.